குமிழி கரைந்த நாள்

அத்தியாயம் 14

காலையில் கண் விழித்ததும் சின்னவள் முதலில் தேடியது குமிழியைத்தான். அது இல்லை.

ஆறு வாரமாக அவளுடைய வலது கண்ணுக்குள் குடியிருந்த குமிழி. கிழிந்து பிரிந்த விழித்திரையை அதன் இடத்தில் அழுத்திப் பிடிப்பதற்காக அறுவை சிகிச்சையின்போது மருத்துவர் அடைத்துவிட்ட வாயு. முதலில் பார்வை முழுவதையும் மறைத்துக்கொண்டு கிடந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, பாதித் தொட்டித் தண்ணீரைப் போலத் தலையை அசைத்தால் தளும்பியது. போன வாரம் மிளகளவுக்குச் சுருங்கி, குனிந்தால் நடுவில் வந்து நின்றது. இன்று அதுவும் இல்லை.

இடது கண்ணைப் பொத்திக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். கம்பிகள் கொஞ்சம் கலங்கலாகத் தெரிந்தன. எண்ணினாள். ஏழு. எதிர் மாடியில் யாரோ சட்டையைக் கிளிப் போட்டுக் காயவைத்திருந்தார்கள். அந்தக் கிளிப் மஞ்சள்.

"மஞ்சள்" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

இந்த வீட்டுக்குள் இன்றுதான் நுழைகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். சின்னவள் பத்து மீட்டர் மேடையிலிருந்து நீச்சல் குளத்தில் பாய்கிறவள். மூன்று மாடி உயரம். ஒன்பது வயதில் குளத்துக்குப் போனாள், பதிமூன்றில் உச்சி மேடையில் ஏறினாள், இருபத்தைந்துக்குள் நாட்டின் பட்டத்தை நான்கு தடவை வாங்கிவிட்டாள். அவளுடைய அண்ணனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. "ஒருத்தன் ஆளை மேல ஏத்தறான், ஒருத்தி மேலேருந்து குதிக்கறா, நான் நடுவுல உட்கார்ந்து தபால் பிரிக்கறேன்" என்று அம்மா சொல்வாள். அம்மாவுக்குத் தபால் நிலையத்தில் வேலை. அப்பா போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன.

உலகப் போட்டிக்கான தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு, சாப்பாட்டு மேசையில் சின்னவள் டம்ளருக்கு அரை விரல் தள்ளித் தண்ணீர் ஊற்றினாள். அதைக் கவனித்தது அண்ணி ஒருத்திதான். அண்ணிக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. தனியே கூப்பிட்டுக் கேட்டாள். கண்ணுக்குள் மின்னுகிறதா, கறுப்பு நூல் மிதக்கிறதா, ஓரத்தில் நிழல் விழுகிறதா. மூன்றுக்கும் ஆமாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்றாள் அண்ணி. சின்னவள் மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். தேர்வு முடிகிறவரை மூச்சு விடக்கூடாது என்று அண்ணியின் கையைப் பிடித்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

தேர்வு நாள் காலையில் பட்டியலில் அவளுடைய பெயர் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. "வீட்லேருந்து சொல்லிட்டாங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார் பயிற்சியாளர். வீட்டில் விஷயம் தெரிந்தவள் ஒருத்திதானே. "நீங்கதானே?" என்று அண்ணியிடம் கேட்டாள். அண்ணி தலையாட்டினாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து சின்னவள் அண்ணியோடு பேசவில்லை.

அண்ணியோ ஒரு நாள்கூட விலகவில்லை. அறுவை சிகிச்சைக்குப் பின் பத்து நாள் குப்புறவே படுத்திருக்க வேண்டும் என்று உத்தரவு. அந்தப் பத்து நாளும் சின்னவள் பார்த்த உலகம் தரையும் பாதங்களும்தான். வேலைக்கு நேரமாகிவிட்ட அம்மாவின் பாதங்கள் வரும், போகும். அண்ணனின் பூட்ஸ் வாசலோடு நின்று நலம் விசாரிக்கும். அண்ணியின் பாதங்கள் மட்டும் வந்தால் போகாது. தட்டை முகத்துக்கு நேர் கீழே தரையில் வைத்து, உறிஞ்சுகுழலை வாயருகே நீட்டி, மணிக்கொருதரம் சொட்டு மருந்துக்கு எழுப்பி, சுண்டுவிரலில் நகம் பெயர்ந்த அந்த வலது பாதம் அங்கேயே இருக்கும். சின்னவள் அந்தப் பாதத்திடம் "ம்" என்பாள், இல்லாவிட்டால் "வேண்டாம்" என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

அம்மாவும் மருமகளோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். முகம் பார்த்துப் பேசுவதும் குறைந்துபோனது. அம்மா என் பக்கம் என்று சின்னவள் எடுத்துக்கொண்டாள்.

இன்று ஆறாவது வாரப் பரிசோதனை. வழக்கம்போல அண்ணிதான் அழைத்துப் போனாள். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். குமிழி மறைந்துவிட்டது என்று சொல்லத் தொண்டை வரை வந்தது. அதைச் சொல்லவேண்டிய ஆள் பக்கத்தில்தான் இருந்தாள். சின்னவள் விழுங்கிக்கொண்டாள்.

கண் மருத்துவர் குள்ளமான அம்மாள். பேச்சும் குள்ளம். மருந்து விட்டு, கண்பாப்பா விரிகிறவரை காக்கவைத்து, வெளிச்சத்தை அடித்து மேலே, கீழே, மூக்கைப் பார் என்று சொன்னார். வெகு நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"ஒட்டிக்கிச்சு. நல்லாவே ஒட்டிக்கிச்சு."

அண்ணியின் மடியிலிருந்த கோப்பு கீழே விழுந்தது. அவள் குனிந்து தாள்களைப் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். நாலு தாளைப் பொறுக்க அவ்வளவு நேரம் ஆகாது.

அன்றைக்குக் கண் எந்த நிலையில் இருந்தது என்று சின்னவள் இத்தனை நாள் கேட்டதில்லை. இன்று கேட்டாள். சுவரில் ஒட்டிய காகிதம் மூலையிலிருந்து உரிந்து தொங்குகிற மாதிரி இருந்தது என்றார் மருத்துவர். நடுப்பகுதி மட்டும் பிடித்துக்கொண்டிருந்ததாம். எழுத்தும் முகமும் தெரிவது அந்த நடுப்பகுதியால்தான்.

"குதிச்சிருந்தா?"

"ஒரு குதி போதும். அதுவும் கழண்டிருக்கும். அப்புறம் ஒட்டியிருப்பேன், ஆனா இந்தப் பார்வை வந்திருக்காது."

தேர்வில் ஐந்து பாய்ச்சல். அதற்கு முன்னால் பயிற்சியில் குறைந்தது பத்து இருக்கும். ஒவ்வொன்றிலும் மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் கையும் தலையும் தண்ணீரில் மோதும். சின்னவள் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பத்து மீட்டரைப் பற்றியும் கேட்டுவிட்டாள். மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெரும்பாலும் வேண்டாம்னுதான் சொல்வேன். ஆனா இன்னைக்குச் சொல்ல மாட்டேன். ஆறு மாசம் கழிச்சு வந்து கேளு. அதுவரைக்கும் குளத்துல கால் நனைக்கலாம், தலை நனையக்கூடாது."

வெளியே வந்ததும் அண்ணி கறுப்புக் கண்ணாடியை எடுத்து நீட்டினாள். மருந்தின் வேகத்தில் தெருவெல்லாம் வெள்ளையாகக் கூசியது. சின்னவள் மாட்டிக்கொண்டாள். நன்றி என்கிற வார்த்தை நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆறு வாரம் பூட்டிக் கிடந்த வாய்க்கு அது லேசில் வரவில்லை.

"குளத்துக்குப் போயிட்டு வரேன்" என்றாள், எதிரே நின்ற பஸ்ஸைப் பார்த்து.

"படியில பார்த்துப் போ" என்றாள் அண்ணி. "இன்னும் ரெண்டு மணி நேரத்துக்குக் கலங்கலாத்தான் தெரியும்."

குளத்துக்குப் போனது ஒரு காரணத்தோடுதான். அன்று மதியம் அணி வெளிநாடு புறப்படுகிறது. அதற்கு முன் பயிற்சியாளரிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே முடிவு செய்துவிட்டாள். அண்ணியிடம் சொல்ல வாய் வரவில்லை, இவரிடமாவது சொல்லலாம்.

கதவைத் திறந்ததும் குளோரின் வாசனை முகத்தில் அடித்தது. பதினாறு வருடமாகத் தலைமுடியிலும் துண்டிலும் பள்ளிக்கூடப் பையிலும் இருந்த வாசனை. மேடையில் யாரோ ஏறுகிறார்கள் என்று மட்டும் தெரிந்தது, முகம் தெரியவில்லை. அவளுக்கு முகம் தேவைப்படவும் இல்லை. சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்து காதைக் கொடுத்தாள்.

நல்ல பாய்ச்சலுக்கு ஒரு சத்தம் உண்டு. புதுத் துணியை ஒரே இழுப்பில் கிழிக்கிற மாதிரி. கொஞ்சம் சாய்ந்தால் சளப்பென்று கேட்கும், இன்னும் சாய்ந்தால் கன்னத்தில் அறைந்த மாதிரி. முதலில் சளப். அப்புறம் இன்னொரு சளப். மூன்றாவது, துணி கிழிந்தது.

அவளுடைய இடத்தில் போகிற பெண். பத்தொன்பது வயது. நெஞ்சில் ஒரு முள் குத்தத்தான் செய்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் சின்னவளின் கை தன்பாட்டில் தொடையில் தட்டிப் பாராட்டியது. அந்தப் பெண் கரையேறி ஓடிவந்து, ஈரத்தோடு அவளைக் கட்டிக்கொண்டு, அக்கா தெரியுதா, நான் யார்னு தெரியுதா என்று கேட்டாள். சத்தத்திலேயே தெரிந்தது என்றாள் சின்னவள்.

பயிற்சியாளர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எல்லாரும் அவரை விசில் சார் என்பார்கள். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், ஒரு நாளும் ஊதமாட்டார். மருத்துவர் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டார். பெருமூச்சு விட்டார்.

"சார், அன்னைக்கு அண்ணி வந்து சொல்லலைன்னா எனக்கு இந்தக் கண்ணு இல்ல. நீங்களும் உடனே பேரை எடுத்தீங்க. ரெண்டு பேருக்கும் நன்றி சொல்லணும்னு…"

"அண்ணியா?" என்றார் விசில் சார். "உங்க அம்மா இல்ல வந்தாங்க?"

சின்னவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மா குளத்துக்கு வந்ததே கிடையாது. பதினாறு வருடத்தில் ஒரு போட்டிக்குக்கூட வந்ததில்லை. பார்த்தால் தன் உயிர் போய்விடும் என்பாள். பதக்கத்தைக் கையில் வாங்கிப் பார்ப்பாள், படத்தைக்கூடத் திருப்பி வைத்துவிடுவாள்.

விசில் சார் நடந்ததைச் சொன்னார். விடிந்தும் விடியாத நேரம். அவர் அப்போதுதான் பூட்டைத் திறந்திருக்கிறார். தபால் நிலையத்துச் சீருடையில் ஒரு அம்மாள் வந்து நின்றிருக்கிறார். என் பெண் எங்கேயிருந்து குதிக்கிறாள், காட்டுங்கள் என்று கேட்டிருக்கிறார். அவர் மேலே கை காட்டியிருக்கிறார். அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏற ஆரம்பித்துவிட்டார். ஐம்பத்தெட்டுப் படி. முழங்கால் வலிக்காரர். கம்பியைப் பிடித்துப் பிடித்து, ஒவ்வொரு தட்டிலும் நின்று மூச்சு வாங்கி, உச்சி வரை போய்விட்டார். சார் பயந்துபோய்ப் பின்னாலேயே ஏறினாராம்.

"விளிம்புக்கு ரெண்டடி முன்னாடி நின்னுக்கிட்டாங்க. கீழே பார்த்தாங்க. ரொம்ப நேரம் பார்த்தாங்க. 'இவ்வளவு உயரம்னு எனக்கு யாரும் சொல்லவே இல்லையே'ன்னாங்க. அப்புறம் என்னைப் பார்த்து, 'அவளுக்கு ஒரு கண்ணு சரியாத் தெரியலை. பேரை எடுத்துடுங்க. அவ ஜென்மத்துக்கும் என்கூடப் பேசாட்டியும் பரவாயில்ல'ன்னாங்க."

சின்னவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. அது இருந்தது நல்லதாகப் போயிற்று.

நேரே அண்ணியின் கடைக்குப் போனாள். மதிய நேரம், கூட்டம் இல்லை. அண்ணி ஒரு பெரியவருக்குக் கண்ணாடியின் காதைச் சூடு காட்டி வளைத்துக்கொண்டிருந்தாள். அவர் போகிறவரை சின்னவள் வாசலில் நின்றாள். பிறகு உள்ளே போய்ப் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே எழுத்துப் பலகை, மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்னது.

அண்ணி விளக்கைப் போட்டு, இடது கண்ணை மறைத்துவிட்டு, "எது வரைக்கும் தெரியுது?" என்றாள்.

"மூணாவது வரி." கொஞ்சம் நிறுத்தி, "அண்ணி, சொன்னது அம்மாதானே?"

மறைப்பைப் பிடித்திருந்த கை அசையவில்லை.

"முந்தின நாள் நான் அத்தைகிட்டச் சொன்னேன்" என்றாள் அண்ணி மெதுவாக. "சத்தியத்தை மீறினது நான்தான். அதனால நீ கேட்டப்போ நான் தலையாட்டினது ஒண்ணும் முழுப் பொய் இல்ல."

"ஏன் அம்மா பேரைச் சொல்லலை? ஆறு வாரம், அண்ணி. நான் உங்களை ஒரு மனுஷியாக்கூட மதிக்கலையே."

அண்ணி பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பத்து நாள் குப்புறப் படுக்கணும்னு டாக்டர் சொன்னாங்க. உன் குணம் எனக்குத் தெரியும். யார் மேலயாவது கோபம் இருந்தாத்தான் நீ பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருப்ப. அந்தக் கோபம் அத்தை மேலன்னா நீ எழுந்து வீட்டை விட்டே போயிருப்ப. என் மேலன்னா பரவாயில்ல, நான் வந்தவதானே, தாங்கிக்கலாம்னு நினைச்சேன்."

வந்தவதானே என்று அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். சின்னவளுக்குத்தான் அது சுருக்கென்று தைத்தது. அண்ணியின் கையைப் பிடித்து, மறைப்போடு சேர்த்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். நன்றி என்று சொன்னாளா, மன்னிப்பு என்று சொன்னாளா, அவளுக்கே தெரியவில்லை. இரண்டும் கலந்து ஏதோ வந்தது. அண்ணி மற்றக் கையால் அவளுடைய தலையைத் தடவிவிட்டு, கண்ணைக் கசக்காதே, சொட்டு மருந்து நேரமாச்சு என்றாள்.

கிளம்பும்போது ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டாள் அண்ணி. தெரிந்த மாதிரி அத்தையிடம் காட்டிக்கொள்ள வேண்டாம். ஆறு வாரமாகச் சொல்லிவிடவேண்டும் என்று துடித்துக்கொண்டிருக்கிறார்கள், தானாகச் சொல்லட்டும். என் மேல் பழி விழுந்ததைத் தாங்க முடியாமல்தான் என்னோடு உட்கார்ந்து சாப்பிடக்கூட அவர்களுக்கு முகம் இல்லை என்றாள்.

அம்மா யார் பக்கம் இருந்தாள் என்பது அப்போதுதான் சின்னவளுக்கு உறைத்தது.

மாலை ஆறு மணிக்கு அம்மா வேலையிலிருந்து வந்தாள். விரலில் தபால் மை. அண்ணி சமையலறையில் இருந்தாள். அண்ணன் இன்னும் வரவில்லை, ஏதோ ஒரு கட்டடத்தில் எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களை இறக்கிக்கொண்டிருந்தான். கண் ஒட்டிக்கொண்டது என்று சின்னவள் சொன்னதும் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கைகூடக் கழுவாமல் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உன்கிட்ட ரெண்டு விஷயம் சொல்லணும்."

தெரியும்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மாவுக்குப் பாரம் இறங்கிவிடும். சின்னவளுக்கு அந்த வார்த்தை வாய் வரை வந்துவிட்டது. ஆனால் அம்மா மடியில் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு, ஒப்பிக்க வந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஆறு வாரமாகக் கோத்து வைத்த வார்த்தைகள். சின்னவள் வாயை மூடிக்கொண்டு கேட்டாள்.

அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். மருமகள் வந்து அழுதது, தூக்கமில்லாமல் கிடந்தது, பஸ் பிடித்துப் போனது, படி ஏறியது. தன் பெண் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அங்கே நின்றிருப்பாள் என்று மேலே நின்று நினைத்துப் பார்த்தது. "நீ இவ்வளவு தைரியக்காரின்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். தெரிஞ்ச அன்னைக்கே உன் பேரை அடிக்கச் சொல்லிட்டேன்" என்றாள்.

சின்னவள் எழுந்து வந்து தரையில் உட்கார்ந்து அம்மாவின் முழங்காலில் தலையைச் சாய்த்தாள். "அம்மா, காலையில எதிர் மாடியில மஞ்சள் கிளிப் தெரிஞ்சுது. நீ படி ஏறலைன்னா அது எனக்கு இல்ல."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது.

"ரெண்டாவது என்னம்மா?"

அம்மா குரலைத் தாழ்த்தினாள். கண்ணாடிக் கடைக்காரர்கள் வேறொரு ஊரில் புதுக் கிளை திறக்கிறார்கள். ரயிலில் எட்டு மணி நேரப் பயணம். கிளையின் பொறுப்பு முழுவதையும் அண்ணிக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சேரவேண்டிய தேதி தேர்வுக்கு மறு வாரம். வீட்டில் ஒரு ஆள் படுத்திருக்கிறாள் என்று அண்ணி தள்ளிப்போட்டாள். நாளை மறுநாள் கடைசி நாள். அண்ணனுக்கு இஷ்டம்தான், லிஃப்ட் எல்லா ஊரிலும் பழுதாகும் என்கிறான். அண்ணிதான் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப்போகிறாள்.

"நான் போகச் சொன்னா மாமியார் துரத்தறான்னு ஆயிடும்" என்றாள் அம்மா. "நீ சொன்னாத்தான் கேட்பா."

சின்னவள் சமையலறை வாசலைப் பார்த்தாள். அண்ணி அங்கே நின்றிருந்தாள், எவ்வளவு நேரமாகவோ. இன்று மதியம்தான் திரும்பக் கிடைத்த அண்ணி. இன்னும் ஒரு வேளைச் சாப்பாடுகூடச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடவில்லை.

எழுந்து நின்றாள். "அண்ணி, நீங்க போகணும். நாளைக்குக் காலையில நான் கூட வந்து டிக்கெட் எடுத்துத் தரேன். பெட்டியும் நானே கட்டறேன்."

அண்ணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே மேசைக்கு வந்தாள். ஒரு நாற்காலியை இழுத்து, ஆறு வாரத்துக்குப் பிறகு மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போறேன்" என்றாள். "ஆனா ஆறு மாசத்துக்கு நீயும் என்கூட வரணும். கடையில எனக்கு ஆள் வேணும். கண்ணுக்கு என்ன ஆகும்னு தெரிஞ்ச ஆள்."

அம்மா மருமகளைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள்.

பதினாறு வருடத்தில் சின்னவளை எந்த ஊருக்கு யார் கூப்பிட்டாலும், அங்கே குளம் இருக்கிறதா என்பதுதான் அவளுடைய முதல் கேள்வியாக இருக்கும். இன்று அதைக் கேட்கவேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.